பழைய குட்டி நீர்மூழ்கிகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சிம்மக்கல்லில் நம் நீர்மூழ்கி மாடல் கடைக்கு ஞாயிறு சாயங்காலம் வந்து போகிறவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். "இந்தக் கடைக்காரருக்கு வேலை தெரியாது, அதனால்தான் பழைய நீர்மூழ்கியைத் தொடவே கூடாது என்கிறார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. விலை அதிகம், கடை சின்னது என்று சொல்லிக்கொள்ளட்டும், பரவாயில்லை. வேலை தெரியாதவன் என்றால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு கடையில் நடந்த பேச்சுதான் இதற்குக் காரணம். அன்று பேச்சு பீபரைப் பற்றி. 1944-இல் ஜெர்மானியர்கள் கட்டிய, ஒரே ஆள் உட்காரும் நீர்மூழ்கி அது. இங்கிலாந்தின் காஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றை 2003-இல் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் காட்டி, "அப்படியானால் ஆள் ஏற்றி முக்கினால்தான் என்ன?" என்றார் ஒரு அண்ணன். காட்சிக்குச் சீரமைப்பது வேறு, உள்ளே உயிரை வைத்து முக்குவது வேறு என்றேன். சீரமைக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

பீபரின் உடல் தகடு வெறும் 3 மில்லிமீட்டர். துரு 1 மில்லிமீட்டரைத் தின்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வைத்து இடம் இடமாகத் தடிமன் பார்க்க வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் தண்ணீர் மட்டுமே சுமார் 10 டன் கனத்துக்கு அழுத்தும். ஆகவே முதலில் ஆளில்லாமல் கயிற்றில் இறக்கித்தான் பார்க்க வேண்டும். எஞ்சினோ லாரிக்கு வைத்த பெட்ரோல் எஞ்சின். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு போர்க்காலத்திலேயே மாலுமிகளைக் கொன்றிருக்கிறது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்க ஒரு பொறி போதும். இதையெல்லாம் அடுக்கிச் சொன்னவனுக்கா வேலை தெரியாது?

காட்சிக்கு வைப்பதும் லேசில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1, 1913-இல் மூழ்கி 1982-இல் மேலே வந்தது. துருவுக்கு மருந்து போட்டும் இரும்புக்குள் ஊறிய உப்பு விடவில்லை. பிறகு அந்த உப்பை வெளியேற்ற சோடியம் கார்பனேட் (சலவைச் சோடா) கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறப்போட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் இவ்வளவு பேச்சு சுற்றிய பிறகும் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, கடை வாசலில் நின்று எங்களுக்காகப் பேசியவர்களை மறக்கமாட்டோம். உங்களால்தான் கடை நடக்கிறது.

பட்டறையில் இருந்த தம்பி கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல், பேட்டரி விலையும் ஏறிவிட்டது. அதனால் சர்வீஸுக்குக் கொடுத்த மாடல்கள் தை பிறந்த பிறகுதான் கிடைக்கும், தொட்டியில் சோதிக்க இனி 300 ரூபாய். கடையில் விட்டிருக்கும் மாடல்களின் பேட்டரியை மட்டும் இந்த வாரமே வந்து கழற்றி எடுத்துப் போங்கள். வீங்கிப்போன லித்தியம் பேட்டரியாக இருந்தால் எடுக்க வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
சிம்மக்கல், மதுரை