தூளிக்கு நாலு பழைய புடவை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் தைப்பூசத்துக்கு மறுநாள் வந்தது. வடலூர் போய்விட்டுக் களைத்து வந்து படுத்திருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அப்போதே படித்துவிட்டேன். மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டதும் பேரனை நீ பார்த்துக்கொள்வதும் சந்தோஷம்தான், ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறாதே. இங்கே முந்திரி பூத்துவிட்டது. காலையில் தோப்புப் பக்கம் நடந்தால் அந்த வாசனை வீடு வரைக்கும் கூடவே வருகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் குழந்தைக் காப்பகம் நடத்த ஓர் அறக்கட்டளை பணம் தருகிறது, உள்ளூர்த் தலைவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பணம் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறார்கள், யாரைச் சேர்ப்பது என்று எழுதியிருந்தாய். எங்கள் ஊரில் இதைக் கொஞ்ச காலமாகச் செய்துகொண்டிருக்கிறோம். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களிடம் வந்தவர்கள் சென்னைக்காரர்கள், நல்ல மனிதர்கள். முதல் கூட்டத்துக்கே கட்டட வரைபடத்தோடு வந்தார்கள். சுவரில் யானை, கிளி, வாசலில் ஊஞ்சல், சறுக்கு மரம். அப்போது பதவியில் இருந்த ஊராட்சித் தலைவர் அம்மா, பால் சொசைட்டிக்காரர், ஊர்ப் பெரியவர்கள், நான், எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பெண்கள் பாயில். எந்த இடத்தில் கட்டுவது என்பதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கலைந்து போகும்போது கொட்டை உடைக்கப் போகிற ஒரு பெண், என்னிடம் படித்தவள்தான், இடுப்பில் பிள்ளையோடு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், கட்டடமெல்லாம் சரி. எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

அந்த ஒரு கேள்வியைக் கூட்டத்தில் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தவர்களை எழுப்பி முந்திரிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். தோப்பில் கொட்டை பொறுக்குவது கோடையில் சில மாதம்தான். உடைப்பது வருடம் முழுக்க உண்டு. உள்ளூர்க் கொட்டை தீர்ந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. கூலி கிலோ கணக்கு. ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த ஒரு மணி நேரக் கூலி போயிற்று. ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதற்குத்தான் சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்கிறார்கள், அப்படியும் விரல்கள் கறுத்துப் போயிருக்கின்றன. அந்தக் கைகளுக்கு இரண்டடி தூரத்தில் தூளி தொங்குகிறது. நாங்கள் போன அன்று தவழ்கிற குழந்தை ஒன்று ஓட்டுக் குவியலில் கை வைத்துவிட்டு, அதே கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டது. தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். கன்னம் சிவந்து போயிருந்தது. சென்னையிலிருந்து வந்த அம்மா வரைபடத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டார்.

பால்வாடி இருக்கிறதே என்று கேட்பார்கள். உன்னிடமும் கேட்பார்கள். இருக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1975இல் நாடு முழுக்க வெறும் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம் இன்று எங்கள் தெரு வரைக்கும் வந்து சத்துமாவும் முட்டையும் தருகிறது. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. இவர்கள் கிளம்பும் நேரத்துக்கு அது திறப்பதும் இல்லை. சட்டத்தில் இடம் இல்லாமலும் இல்லை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று 1948லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது, 1976இல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேராகக் கொட்டகையிலும் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறவர்களை இந்த இரண்டு சட்டமும் தொடவில்லை. அறப்பணம் வந்து சேர வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகுதான் கமிட்டியை மாற்றினோம். ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், அந்த ஐந்தில் மூன்று பேர் காலனிக்காரர்கள். மிச்ச நாலு பேர் பால்வாடி டீச்சர், கிராம செவிலியர், தலைவர் அம்மா, நான். இதை எழுத ஒரு வரி போதுமானதாக இருக்கிறது, நடத்த நாலு மாதம் ஆயிற்று. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். என் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்டு என்னோடு கடலூருக்கு எத்தனையோ நடை நடந்த மனிதர் அவர். எனக்கு அது இன்னும் வருத்தம்தான். ஆனால் கைக்குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற கஷ்டம் அவர் வீட்டில் யாருக்கும் இல்லை. அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது என்பதை அவரிடமே சொன்னேன்.

இடமும் மாறிற்று. கோயிலுக்குப் பக்கத்தில் வைத்தால் காலனியிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று தாய்மார்களே கேட்டார்கள். காலனிக்குள் வைத்தால் ஊர்க்காரர்கள் அனுப்ப மாட்டார்கள். கடைசியில் பஸ் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் நடந்து வரக்கூடிய தூரத்தில், ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சமைக்கக் காலனிப் பெண் ஒருவரை வைத்தபோது சில வீடுகள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. கமிட்டி மறுபடி உட்கார்ந்தது. ஆளை மாற்றுவதில்லை, தனித் தட்டு தனி டம்ளர் கிடையாது, வருகிறவர்கள் வரட்டும் என்று தீர்மானம் எழுதினோம். தலைவர் அம்மா முதலில் தன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இரண்டு வீடுகள் இன்றுவரை அனுப்பவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் கொட்டகையில்தான் கிடக்கின்றன, நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

பணம் எதற்கு என்பது அடுத்த சண்டை. கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் கட்டடம் பிடிக்கும், விளையாட்டுச் சாமான் பிடிக்கும், கல்வெட்டு வைக்கலாம் அல்லவா. சம்பளம் என்றால் தயங்குவார்கள். எங்களுக்கு வேண்டியது காலை ஆறரைக்குக் கதவைத் திறந்து மாலை ஆறு வரை பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள இரண்டு பெண்கள். அவர்களுக்கு, கொட்டை உடைத்தால் கிடைக்கிற கூலிக்குக் குறையாத சம்பளம். மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் ஆயாவுக்கு மாதம் 3000 ரூபாய், உதவியாளருக்கு 1500 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்கு யார் நின்று பிள்ளை வளர்ப்பார்கள்? மூன்றே மாதத்தில் ஆள் மாறும், ஆள் மாறினால் கைக்குழந்தை அழும், அழுதால் தாய் மறுபடி கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போவாள். ஆயாவின் சம்பளம்தான் காப்பகம் என்று எங்கள் தாய்மார்கள் பிடிவாதமாக நின்றார்கள். மிச்சம் இருந்த பணத்தில் பாய், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. ஊஞ்சல் பிறகு வந்தது.

தானே புயலுக்குப் பிறகு நல்ல எண்ணத்தோடு யாரோ கட்டிக்கொடுத்த ஒரு கட்டடம் பக்கத்து ஊரில் இருக்கிறது. 2011 கடைசியில் புயல் அடித்தபோது இங்கே பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும், நீ பாகூரிலிருந்து அரிசி அனுப்பினாயே. பணத்துக்கு அப்போது குறைவில்லை. கட்டடம் எழும்பியது, திறப்பு விழா நடந்தது, உள்ளே நின்று வேலை பார்க்க ஆளுக்குச் சம்பளம் இல்லை. இன்று அதில் வைக்கோல் அடைத்திருக்கிறார்கள்.

உன்னிடம் வருகிறவர்களின் பணம் ஏதாவது கம்பெனியிலிருந்து வருகிறதா என்று முதலிலேயே கேட்டுவிடு. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுக் காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். தொழில் நடத்துகிற ஊருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பல இடத்தில் அந்தப் பணம் பிப்ரவரியில் வந்து மார்ச்சுக்குள் செலவாக வேண்டும் என்று அவசரப்படுத்தும். அவசரத்தில் வாங்க முடிந்தது சாமான்தான். தொடர் திட்டம் என்று எழுதினால் ஆரம்பித்த வருடம் போக இன்னும் மூன்று வருடம் நடத்த விதியிலேயே இடம் உண்டு. அப்படி எழுதச் சொல். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து மாதம் ஒரு மடியில் பழகிய பிள்ளையைக் கதவைச் சாத்தி அனுப்புவது பாவம்.

இன்னொன்று. சின்னச் செலவுக்குக் கமிட்டியே முடிவெடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு பெண்ணையாற்றில் வெள்ளம் வந்ததே, வேலை நின்றுபோனது. வேலை இல்லாததால் தாய்மார்கள் வீட்டில்தான் இருந்தார்கள், காப்பகத்தில் வருகைப் பதிவு குறைந்தது. வருகையைப் பார்த்துப் பணம் என்றால் அந்த மாதம் பணமும் குறைய வேண்டும். ஆனால் கூலி இல்லாத மாதத்தில்தான் பிள்ளைகளுக்குப் பசி. கமிட்டித் தாய்மார்கள் சித்திரைக்கு ஒதுக்கியிருந்த முட்டைப் பணத்தை எடுத்து அப்போதே வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிக் காத்திருந்தால் வெள்ளம் வடிந்திருக்கும். கொடுத்தவர்களும் கணக்கைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கு எங்கள் வீட்டு அலமாரியில் இல்லை, காப்பகச் சுவரில் கரும்பலகையில் இருக்கிறது. வரவு, செலவு, இருப்பு. படிக்கத் தெரியாதவர்களுக்கு மாதம் ஒரு தடவை ஒருத்தி சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். என்னிடம் திறக்கும் நேரத்தைக் கேட்டாளே, அவள்தான்.

உங்கள் பக்கம் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். புதுச்சேரியில் 38 வருடம் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011இல் அவர்கள் காலம் முடிந்ததோடு சரி. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் போகலாம், ஆனால் உன் தெருவுக்கு என்று ஓட்டு வாங்கிய ஆள் இல்லை. இங்கேயும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். தலைவர் அம்மா பதவி போன பிறகும் கமிட்டிக்கு வருகிறார், முன்னைவிடச் சீக்கிரமாகவே வருகிறார். அதனால் உள்ளூர்த் தலைவர் யார் என்று பட்டியல் போடும்போது பதவியைப் பார்த்துப் போடாதே. நடவுக்குப் போகிற கூட்டத்தில் யார் சொன்னால் மற்றவர்கள் கிளம்புகிறார்களோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இராத்திரி யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களோ, அவளைக் கேள். அவள் கூட்டத்தில் பேச மாட்டாள். கூட்டத்தைக் கூலி நேரத்தில் வைக்காதே, பாயையும் நாற்காலியையும் ஒன்றாக்கு, வருகிற அன்றைக்குக் கூலி கொடு. பேசுவாள்.

தைப்பூசத்தன்று தருமச்சாலையில் அந்த அடுப்புக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். சின்ன வயதில் நாம் போனபோது உன் அப்பா நம் இருவரையும் தோளில் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினாரே, அதே அடுப்பு. வள்ளலார் 1867இல் ஏற்றியது, இன்னும் அணையவில்லை. இந்தத் தடவை எனக்குத் தோன்றியது என்னவென்றால், அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் ஊர்க்காரர்கள், 80 காணி. பசித்தவர் யார் என்று அவர்களுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பங்குனி பிறப்பதற்குள் ஒரு தடவை வா. கொட்டை பொறுக்கும் காலம் வந்தால் எனக்கு உட்கார நேரம் இருக்காது, ஐந்தரைக்கே கதவைத் திறக்க வேண்டும் என்று இப்போதே கேட்டிருக்கிறார்கள். கடலூரில் இறங்கி பண்ருட்டி பஸ் பிடி, காப்பகத்துக்கு எதிரிலேயே நிற்கும். வரும்போது பழைய பருத்திப் புடவை நாலு கொண்டு வா, தூளிக்கு. நைலக்ஸ் வேண்டாம், பிள்ளைகளுக்கு வேர்க்கிறது. உன் அம்மாவுடைய சுங்குடி ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி