கிளாமத் ஆற்றுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சிலி நாட்டின் பேக்கர் ஆற்றங்கரைப் பிள்ளைகள் கலிபோர்னியாவின் கிளாமத் ஆற்றைக் காண வரும்போது அவர்களுக்கு உதவியாளராகப் போகவிருப்பதாக எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகள் மதகுகளையும் கரைகளையும் பராமரித்துச் சம்பளம் வாங்கிய பொதுப்பணித் துறைப் பொறியாளனுக்கு, அங்கே அணைகள் இடிக்கப்பட்டதைக் கொண்டாடுவோருடன் தன் மகள் சேர்வது உறுத்தியது. அதனால்தான் அன்று தொலைபேசியில் கடுமையாகப் பேசிவிட்டேன். பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

மேட்டூரை எடுத்துக்காட்டி உன்னை மடக்கியது என் பிழை. மேட்டூர் நீர் டெல்டா வயல்களுக்குப் பாய்கிறது. கிளாமத்தில் அகற்றப்பட்ட நான்கு அணைகளோ மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை, பாசனத்துக்கு அல்ல. மின் உற்பத்தி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் மீன்கள் ஏறிச் செல்ல வழி அமைக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதற்கு ஆகும் செலவைவிட இடிப்பதே மலிவு என்று கணக்கு காட்டியது. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. 2002-இல் கீழாற்றில் பல்லாயிரக்கணக்கான சால்மன் மீன்கள் செத்து மிதந்த பின், யூரோக், காரூக் முதலிய பழங்குடியினர் இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் போராடினார்கள். 2024 இலையுதிர் காலத்தில் இடிப்பு முடிந்தது. அக்டோபரிலேயே, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த மேலாற்றில் சால்மன்கள் தென்பட்டன.

அடுத்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில், கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்கள் கிளாமத்தில் ஏறத்தாழ 500 கிலோமீட்டரை ஒரு மாதத்தில் கடந்து கடலை அடைந்தார்கள். அவர்களைப் பயிற்றுவித்த 'ரியோஸ் டு ரிவர்ஸ்' அமைப்பு முன்னதாக பேக்கர் பிள்ளைகளைக் கொலராடோ ஆற்றுக்கு அழைத்துச் சென்றிருந்தது. பேக்கரிலும் சிலியின் இன்னொரு ஆறான பாஸ்குவாவிலும் ஐந்து அணைகள் கட்டும் திட்டம் 2014-இல் அரசால் நிராகரிக்கப்பட்டது; கொலராடோவோ பெரும்பாலான ஆண்டுகளில் கடலைத் தொடுவதே இல்லை. தடுக்கப்படாத ஆற்றின் பிள்ளைகள் தடுக்கப்பட்ட ஆற்றில் துடுப்புப் போடும்போது, எந்த அறிக்கையும் சொல்லித் தராததை அவர்களுடைய கைகளே தெரிந்துகொள்ளும் என்று இப்போது நினைக்கிறேன். (நான் எழுதிய அறிக்கைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.)

அங்கே நீ விருந்தாளி. பழங்குடியினரின் சடங்கு நடக்குமிடத்தில் கேட்காமல் படம் எடுக்காதே. ஆற்றைப் பற்றி அவர்களுக்கு நீ விளக்க முற்படாதே. இதை உன் பேச்சு வேகம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

எனக்காக ஒன்று செய். பழைய நீர்த்தேக்கங்களின் தரையில் நாட்டு விதைகளைத் தூவியிருக்கிறார்களாம். ஆறு அங்கே படிந்த வண்டலை அறுத்துக்கொண்டு ஓடும் இடத்தில் கரை எத்தனை அடி உயரம் நிற்கிறது, புல் எதுவரை பிடித்திருக்கிறது என்று பார்த்து எழுது. வண்டலை மட்டும் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

அன்புடன்,
அப்பா