கூடாது என்று எழுதிய அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகிவரும் கடிதங்களைப் படித்துவருகிறேன். எந்த வயதில் தொடங்கலாம் என்பதையே பேச்சு சுற்றிச்சுற்றி வருகிறது. மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எடுத்துவருபவள் என்ற முறையில், வயதைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கணினி என்பது வாரத்தில் ஒரு பாடவேளை, இணையப் பாதுகாப்பு என்பது சுவரில் ஒட்டிய ஓர் அட்டை என்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோமே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

என் வகுப்பறையிலும் அப்படி ஓர் அட்டை இருந்தது. நானே எழுதி ஒட்டியது. பத்து வரிகள், பத்தும் ‘கூடாது’ என்றே முடியும். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லைத் தோழியிடம் சொல்லிவிட்டாள். அது தோழியின் அண்ணனுக்குத் தெரிந்து, அவன் அந்தக் கணக்கில் நுழைந்து, இவள் பெயரில் மற்றப் பிள்ளைகளுக்கு வசைச் செய்திகளை அனுப்பிவைத்தான். மூன்று நாள் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் நோட்டுத் திருத்தும்போது, கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு சொல்லைத் தாள் கிழியும்வரை பேனாவால் அடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சுவரைக் காட்டி, “மூணாவது வரி, மிஸ்” என்றாள்.

மூன்றாவது வரி, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது. அதை மீறிவிட்டவள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை. அவளைப் பாதுகாப்பதற்காக ஒட்டிய அட்டையே அவளைப் பேசவிடாமல் செய்திருந்தது.

அதன் பிறகு பாடம் நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன். நான்கு இலக்கப் பூட்டு ஒன்றுக்கு எத்தனை எண்கள் இருக்கலாம் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்கிறேன். 0000 முதல் 9999 வரை 10,000 என்று கண்டுபிடித்ததும், இலக்கத்தை ஆறாக்கினால் 10 லட்சம் ஆகிறதே என்று வாயைப் பிளக்கிறார்கள். பூட்டைத் திறக்கும் எண்ணைப் பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்லிவிட்டால், அவர் எத்தனை எண்களை முயன்று பார்க்க வேண்டும் என்று அடுத்து கேட்கிறேன். பத்து லட்சம் ஒன்றாகச் சுருங்குவதை அவர்களே பார்த்துவிடுகிறார்கள். கணினிக்கு முகம் தெரியாது, சரியான சொல்லைத் தட்டுபவர் யாரோ அவரையே உரிமையாளர் என்று நம்பும் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக விளக்க எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள், ஒருத்தி வரைந்த படத்தை எல்லோரும் பார்த்து வரைந்துகொண்ட பின், முதல் படத்தைக் கிழித்துப்போடச் சொல்வேன். “இப்போது படம் போய்விட்டதா?” என்று கேட்டால் முப்பது கைகள் தாளை உயர்த்திக் காட்டும். இணையத்தில் அனுப்பிய புகைப்படத்தை ‘அழித்துவிட்டேன்’ என்பதற்கு என்ன பொருள் என்று அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் கணினியோ மின்சாரமோ தேவைப்படவில்லை என்பதையும், கணினி வாங்க நிதி இல்லை என்று எழுதியிருந்த வாசகருக்காகக் குறிப்பிடுகிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், ஐந்து முதல் ஏழு வயதுக்குரிய கணினிப் பாடத்தில் எளிய நிரல் (கணினிக்கான கட்டளைத் தொடர்) எழுதுதலையும் அதில் பிழை நீக்குதலையும் வைத்த அதே பட்டியலில், சொந்தத் தகவல்களைக் காத்துக்கொள்வதையும், இணையத்தில் கவலை தரும் எதையேனும் கண்டால் யாரிடம் உதவி கேட்பது என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பிழை நீக்குதல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிறுவர்கள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலியில் வலப்பக்கம் நடக்க வேண்டிய பூனை இடப்பக்கம் நடந்தால் எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. எந்தக் கட்டளை மாறிப்போனது என்று தேடித் திருத்துகிறது. நாமும் “எங்கே தப்பியது, பார்ப்போம்” என்று பக்கத்தில் உட்காருகிறோம். அதே பிள்ளை இணையத்தில் தவறிவிட்டால் மட்டும் “உன்னை யார் அங்கே போகச் சொன்னது?” என்று கேட்டுக் கைப்பேசியைப் பிடுங்கி வைக்கிறோம். அடுத்த முறை அது நம்மிடம் வருமா?

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான சமூக ஊடகங்கள் 13 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. 1998-இல் அமெரிக்கா இயற்றிய, குழந்தைகளின் இணையத் தகவல்களைக் காக்கும் சட்டத்திலிருந்து பரவிய எல்லை அது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள்தாம். அந்த நொடியிலிருந்து அந்தச் செயலி பிள்ளையை வயதில் மூத்தவராகவே நடத்தும். சிறுவர் கணக்குகளுக்கென்று உள்ள தடுப்புகள் அதற்குக் கிடைக்காமல் போகலாம். இணையத்தில் பிள்ளை பார்க்கும் முதல் பொய்யை நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிட்டு, பொய்யான ஆட்களிடம் ஏமாறாதே என்று அறிவுரை சொல்கிறோம்.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் இணையப் பாதுகாப்பை ஆண்டுக்கு ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டத்தோடு முடித்துவிடாமல் கணினிப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்றும், தவறு செய்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் முதல் சொல்லாக என்ன சொல்வது என்பதை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய அட்டையைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. இணையத்தில் தமக்கு நேர்ந்த பிழையையும், அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் பெயர் போடாமல் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தொடங்கப் பிள்ளைகள் தயங்கியதால் முதல் பக்கத்தை நானே எழுதினேன்: பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன ஒரு குறுஞ்செய்தியின் இணைப்பை நம்பித் தட்டியதையும், அன்றிரவே கடவுச்சொற்களை எல்லாம் உட்கார்ந்து மாற்றியதையும்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்