ஆறாவது பல்

அன்புள்ள மகன் சேவியருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் பேச ஆரம்பித்தாலே "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

பேரனுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. "விழுந்து முளைக்கிற பல்லுதானே, பிடுங்கிடச் சொல்லு" என்று உன் பெண்டாட்டியிடம் சொன்னாயாம். அது பால்பல் இல்லை தம்பி. முன்பல்லின் நடுவிலிருந்து எண்ணிப் பார்த்தேன், ஆறாவதாக நிற்கிறது. பால்பல் ஒரு பக்கத்துக்கு ஐந்தோடு சரி. இந்த ஆறாவது, ஆறு வயதையொட்டி எல்லாவற்றுக்கும் பின்னால் தானாக முளைப்பது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நான் நர்ஸாக இருந்தபோது பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எத்தனை தாய்மாரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! இப்போது என் வீட்டிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் பிறந்த சமயத்திலேயே அந்தப் பல் தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிட்டது. மூன்று வயது வாக்கில் மேல்பகுதி முடிந்திருக்கும். பல்லின் மேலுள்ள கெட்டியான உறையை, அதாவது எனாமலை உண்டாக்கும் செல்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துவிடும், அதனால் குழி விழுந்தால் தானாக நிரம்பாது. வேர் மட்டும் இன்னும் வளர்கிறது, முடிய ஒன்பது பத்து வயதாகும். உள்ளே நரம்பு உயிரோடு இருந்தால்தான் அது நன்றாக முற்றும். அதற்குத்தான் இந்த அவசரம்.

ஜப்பானில் பல் முளைக்க மருந்து வருகிறதென்று நீ அனுப்பிய செய்தியும் பார்த்தேன். கியோட்டோவில் 2024இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியது நிஜம்தான். பல் வளர விடாமல் தடுக்கும் ஒரு புரதத்தை அந்த மருந்து அடக்குகிறது. எலிகளுக்குப் பல் முளைத்திருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் முதலில் பார்ப்பது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை, அதுவும் 30 வயது தாண்டிய ஆண்களிடம். அதை நம்பி நம் பிள்ளையின் பல்லை எடுக்க நான் விடமாட்டேன்.

உன் அப்பா வேறு, கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று நாளெல்லாம் அவன் வாயில் திணிக்கிறார். நம்ம ஊர்ப் பனையில் வந்தது என்பதற்காகக் கிருமி அதைச் சும்மா விடுமா? பல்லிடுக்கில் ஒட்டினால் அதுவும் சீனிதான். சாப்பாட்டோடு ஒரு துண்டு போதும் என்றேன், முறைக்கிறார்.

சனிக்கிழமை ராமநாதபுரத்துக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். சொத்தையை அடைக்கவும், மற்ற மூன்று கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்குப் பூச்சு போடலாமா என்று கேட்கவும் போகிறோம். நீ இன்றைக்கே உன் பெண்டாட்டிக்குப் போன் போட்டுப் பிடுங்க வேண்டாமென்று சொல். நான் சொன்னால் மாமியார் பேச்சாகிவிடும்.

அன்புடன்,
அம்மா