கேரம் போர்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்

கண்ணு,

20ஆம் தேதி முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது. கடைக்காரர்களுக்கு நீ ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் பண்ணுகிற 11, 20 என்ற இரண்டு தேதியும் எனக்கு மனப்பாடம். ஜிஎஸ்டி என்றால் முழுசா என்னவென்று தெரியாது, ஆனால் 20 வரைக்கும் உனக்குப் போன் பண்ணக்கூடாது என்று தெரியும், 21 காலையில் காபி குடித்துக்கொண்டே நீயே கூப்பிடுவாய் என்றும் தெரியும். இந்த மாசம் கூப்பிடவில்லை. போன மாசமும் கூப்பிடவில்லை. "சரிம்மா", "சாப்பிட்டேன்மா", "அப்புறம் பேசுறேன்மா", பொங்கலுக்கு அப்புறம் உன்னிடமிருந்து வந்தது இவ்வளவுதான். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. போனில் பேசினால் நீ நடுவில் "அம்மா, வேற லைன் வருது" என்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பிடுகிறாயா? ராத்திரி 2 மணிக்கு உன் வாட்ஸப்பில் ஆன்லைன் என்று காட்டுகிறது. அந்த நேரத்தில் எதைச் சாப்பிடுவாய்? கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்ததா இல்லையா என்றுகூட நீ சொல்லவில்லை.

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். மாமா காசிமேட்டில் அதே போட்டில்தான் போகிறார், முட்டிவலி இருக்கிறது. ஏப்ரல் 15க்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. சின்ன வயசில் உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த இரண்டு மாசம்தான் தெருவில் நாலு கேரம் போர்டு விழும். பகலில் வலை பின்னுவார்கள், சாயங்காலம் ஆனால் லைட்டை இழுத்துக் கட்டி ஆட ஆரம்பித்துவிடுவார்கள். வருமானம் இல்லாத காலம், கையில் காசு கம்மி, ஆனாலும் மாமா முகம் அப்போதுதான் தெளிவாக இருக்கும். மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று கவர்மெண்ட் தடை போடுகிறது, அதில் மனுஷனுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. உனக்கும் எனக்கும் அப்படித் தடை போட யாரும் இல்லையே கண்ணு. அதைத்தான் இந்த ஒரு மாசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் தெருவில் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்ற எல்லாரும் சொந்தத் தொழில். இஸ்திரி அண்ணனைப் பார். வண்டியில் எவ்வளவு துணி குவிந்திருந்தாலும் 4 மணி அடித்தால் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவார். புறாவுக்குக் கம்பும் சோளமும் போட்டு, கர்ணப் புறாவை மேலே விட்டு, அது வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பதை அரைமணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே யார் வந்து கத்தினாலும் "வரேன், வரேன்" என்று மேலேயிருந்து சத்தம் மட்டும்தான் வரும். நான் எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று உன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவருக்கு இப்போது 70 ஆகப்போகிறது, இன்றைக்கும் மாடிப்படி ஏறுகிறார். பேரன் புறாவுக்குத் தண்ணி வைக்கிறான்.

நீ சொந்தமாக ஆபீஸ் போட்டு, நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்து, அத்தனை கடைக்காரர்கள் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். என்னிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன், வேண்டாம் என்று நீ சொன்னாலும் சொல்லுவேன். உன் அப்பா இருந்திருந்தால் எம்.சி. ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அது ஒரு பக்கம். ஆனால் 20 முடிந்தால் அடுத்த 11, ஜூலை வந்தால் வருமான வரி, செப்டம்பர் வந்தால் ஆடிட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உன்னுடையதா? நீ இருக்கிற ஊரில் கேரம் ஆடுகிற இடம் இல்லாமலா இருக்கும்? வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். சம்பாதிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்?

பொங்கலுக்கு வந்தபோது பசங்க அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டார்கள், ஒரு போர்டு ஆடிவிட்டு வந்திருக்கலாம். போன் வருது என்று எழுந்துவிட்டாய். சரி, விடு.

அப்பா வாங்கிக் கொடுத்த அந்தப் போர்டை முந்தாநாள் கீழே எடுத்தேன். எண்ணெய்த்துணி வைத்து ஓரமெல்லாம் துடைத்தேன். வலை ஒரு பாக்கெட்டில் கிழிந்திருந்தது, தைத்துவிட்டேன். ஒன்பது வெள்ளை, எட்டு கறுப்பு, ரெட் இருக்கிறது. இன்னொரு கறுப்பு பீரோவுக்கு அடியில் இருக்குமோ என்னமோ. போரிக் பவுடர் கட்டிதட்டிக் கிடக்கிறது, புதுசு வாங்கணும். இடதுபக்க மூலையில் அந்த இஸ்திரிப்பெட்டி சூடு அப்படியே இருக்கிறது. நான்தான் வைத்தேன். போர்டுமேல் துணியைப் போட்டுத் தேய்க்கும்போது யாரோ கதவைத் தட்ட, அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் காயின் வேகம் குறைந்து கொஞ்சம் திரும்பும் என்று கணக்குப் போட்டு அடிக்கப் பழகிக்கொண்டாய். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது, என் பெண் எதையும் சமாளிப்பாள் என்று. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. விளையாடுகிற பலகையை வேலைப்பலகை ஆக்கினதற்கு ஒரு மன்னிப்புகூட நான் கேட்கவில்லை.

இதைச் சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். 2008 பற்றிச் சொல்லணும்.

அந்த வருஷம்தான் வியாசர்பாடி இளவழகி பிரான்ஸ் போய் கேரமில் உலக சாம்பியன் ஆகி வந்தது. அப்பா பேப்பரில் வந்த போட்டோவை வெட்டி பீரோ கதவில் ஒட்டினார். அவருக்கு மரிய இருதயம் என்றால் சாமி மாதிரி, 91லும் 95லும் உலகத்தை ஜெயித்த நம்ம மெட்ராஸ்காரர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அடுத்தது என் பெண் என்று உன்னைக் காட்டுவார். உனக்கு 14 வயசு. அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, உனக்கு மாவட்டப் போட்டியில் ஃபைனல். தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருந்தது. வீடு முழுக்க அளவு ஜாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது, காஜா எடுக்க ஆள் வரவில்லை, ஒரு அம்மா சாயங்காலத்துக்குள் ஏழு ஜாக்கெட் வேணும் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நீ உன் ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினாய். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "விளையாட்டு சோறு போடாது, உட்கார்ந்து ஹூக் வை" என்றேன். அப்பா அன்றைக்கு ஊரில் இல்லை. இருந்திருந்தால் கூட்டிப்போயிருப்பார். நீ அழவில்லை. ஹூக் வைத்தாய், ஹெம்மிங் பண்ணினாய், ராத்திரி பதினொன்று வரைக்கும்.

அந்த அம்மா தீபாவளி முடிந்து நாலாம் நாள் வந்துதான் அந்த ஏழு ஜாக்கெட்டையும் வாங்கிப்போனார்கள்.

இதை நான் அப்பாவிடம் சொல்லவே இல்லை. நீ ஃபைனலில் தோற்றுவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய். அவர் சாகிற வரைக்கும், "ஃபைனல் வரை வந்தாளே, அதுவே பெரிசு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் காலேஜ் முடிகிற வரைக்கும் தெரு கிளப்பில் ஆடினாய், போட்டி என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. 2024 நவம்பரில் செரியன் நகர் காசிமா அமெரிக்காவில் கேரமில் மூன்று தங்கம் ஜெயித்ததை டிவியில் காட்டினார்கள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். நம்மை விட வசதி ஒன்றும் இல்லை. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். நான் அழுதது உனக்காக.

உன்னைச் சம்பாதிக்கிறவளாக வளர்த்தேன், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உட்கார்ந்து இருக்க நான் உனக்குக் காட்டவே இல்லை. நானே உட்கார்ந்ததில்லையே. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை 1 மணிக்கு மேல் மெஷின் பக்கம் போவதில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அத்தை மாடிக்குத் தாயம் ஆடக் கூப்பிட்டார், நான் மடியில் ஹூக் டப்பாவோடு போனேன். அத்தை அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு கட்டையைக் கையில் கொடுத்தார். தாயம் விழவே மாட்டேன் என்றது, உள்ளே காய் போகவே முக்கால் மணி நேரம். ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் பாக்கித் துணி எத்தனை என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை, கீழே இறங்கும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. 63 வயசில் தெரிகிறது. நீ அதுவரைக்கும் காத்திருக்காதே. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். மறுபடியும் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. பொங்கல் அன்றைக்கு உன் போன் சமையல்கட்டில் என் பக்கத்தில்தான் சார்ஜில் இருந்தது. எந்தக் காலும் வரவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரைக்கரை வைத்தாய், விரலை வைத்தாய், விரல் நடுங்கியது. எடுத்தாய், மறுபடி வைத்தாய். அப்புறம் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாய். அன்றைக்கே கேட்டிருக்கணும். கதவுக்குக் குறுக்கே நின்றவள் எந்த முகத்தோடு கேட்பது என்று பேசாமல் காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய்.

உன் பாட்டிக்கும் கை இப்படித்தான் நடுங்கியது, தைராய்டு என்று அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். நீ தூங்காததால் இருக்கலாம், அந்தக் காபியால் இருக்கலாம், எனக்குத் தெரியாது. டாக்டரைப் பார். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள். அடுத்த 11க்கு முன்னாடி. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் காலையில் சதாப்தி ஏறி மத்தியானம் அங்கே நிற்பேன், கல்யாண ஆர்டர் எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

மாமா பையன் புதன்கிழமை உன் ஊருக்கு வருகிறான். பருப்புப்பொடியும், நெத்திலிக் கருவாடும், அந்தக் கைக்குட்டையில் சுற்றின ஸ்ட்ரைக்கரும் கொடுத்து அனுப்புகிறேன். ஆடினால் ஆடு, இல்லாவிட்டால் பையில் கிடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணு. மெஷின் சத்தம் இருக்காது.

அம்மா