மார்க்கரை வெட்டிவிட்டு ஒரு வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வணிக வளாகங்கள் வந்த பிறகுதான் கடலூர், புதுச்சேரிப் பக்கம் பில்லியர்ட்ஸ் வந்ததாக ஒரு வரி படித்தேன். துணைக்கு, எண் போட்ட பந்துகள் பரப்பிய பூல் மேசையின் படம் வேறு. பில்லியர்ட்ஸுக்கு மூன்றே பந்துகள் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரையாளருக்குத் தாங்கள் சொல்லியிருக்கலாம்.

1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்றபோது எந்த வணிக வளாகம் இருந்தது? எழுபதுகளில் எங்கள் ஊர் கிளப்புகளும் புதுச்சேரி கிளப்புகளும் லீக் ஆட்டம் ஆடின. நீதிமன்ற எழுத்தர், பல் மருத்துவர், நெல்லிக்குப்பம் ஆலைக் கணக்கர் என்று எல்லாரும் வேலை முடிந்து வந்து ஆடியவர்கள். புதுச்சேரியில் ஆட்டம் என்றால் எங்கள் அணிக்கு ஆள் குறைந்ததே இல்லை. மதுவிலக்குக் காலம், காரணம் தாங்கள் அறிவீர்கள். அங்கே பாக்கெட்டே இல்லாத பிரெஞ்சு மேசையில் கை பழகிய பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். சிவப்புப் பந்தைப் பாக்கெட்டில் தள்ளினால் 3 புள்ளி, அடிக்கும் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொடும் கேனனுக்கு 2தான். அவர்களோ கேனனாகவே அடித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து எங்களைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் நடத்தியது மார்க்கர்கள் என்ற கிளப் ஊழியர்கள். ஐப்பசி மழையில் கடற்காற்றின் ஈரம் ஏறி மேசைத் துணி கனத்துவிடும், பந்து பாதியில் நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன் துணியை ஒரே திசையில் பிரஷ் போட்டு, இஸ்திரியும் போட்டு வைப்பவர் மார்க்கர். புள்ளி சொல்வதும் அவரே, ஃபவுல் சொல்லி வக்கீலிடம் வசவு வாங்குவதும் அவரே. என் தந்தை அந்த வேலையில்தான் எங்களை வளர்த்தார். உறுப்பினர்கள் உட்காரும் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றும் உங்கள் செய்தியில் கோப்பை வழங்கிய அதிகாரியின் பெயர் பட்டங்களோடு வரும். வென்றவர் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். 2011 டிசம்பரில் தானே புயல் கிளப்பின் ஓடுகளை அள்ளிக்கொண்டு போனது. மேசை நனைந்து ஊறியது. துணி போனாலும் அடியிலிருந்த கற்பலகைகள் பழுதில்லை. நிர்வாகம் அவற்றைக் கல் விலைக்கு விற்றது. அது பற்றி நான் எழுதிய கடிதத்தைத் தாங்கள் நான்கு வரியாகச் சுருக்கினீர்கள். இடப் பற்றாக்குறையாம். அதே பக்கத்தில் ராசிபலன் முழுசாக வந்திருந்தது.

இந்தக் கட்டுரைக்கென்று உங்கள் நிருபர் என் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, லீக் அணியின் புகைப்படத்தையும் வாங்கிப் போனார். மூலையில் அது தீப்பெட்டி அளவில் வந்திருக்கிறது. பின்வரிசையில் கையில் பிரஷுடன் நின்ற என் தந்தையைக் காணோம். முன்வரிசை வக்கீலின் நாய் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

திருத்தம் வெளியிடுங்கள் என்று கேட்கப்போவதில்லை. தங்கள் திருத்தங்கள் எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் புகைப்படத்தைத் திருப்பித் தாருங்கள். வேறு பிரதி கிடையாது. மடிக்காமல், ஸ்டேப்ளர் போடாமல், விரைவுத் தபாலில் அனுப்பினால் செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
மார்க்கர் மகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.