பேரனின் கடிதம் கிடைத்தது

கோஷ்கோனாங், விஸ்கான்சின்
1890 நவம்பர்

அன்பு மகனுக்கு,

பேரனின் கடிதம் கிடைத்தது. அவன் வயதில் உனக்கோ எனக்கோ அப்படியொரு கையெழுத்து வாய்த்ததில்லை. முழுவதும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால், உன் தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்த பிறகே எங்களுக்கு விஷயம் தெரிந்தது. உன் அம்மாவுக்கு நம் நார்வே மொழியில் எழுத வராவிட்டாலும் வாசிக்கத் தெரியும் என்பதையும், டகோட்டாவிலிருந்து வரும் கடிதத்தை அவள் வேறு யார் வாயாலும் கேட்க விரும்பமாட்டாள் என்பதையும் நான் உனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீ எழுதாததைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கோதுமைக் கதிரடிப்பு முடிந்திருக்காது.

இங்கே தேர்தலில் பென்னட் சட்டத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஆண்டுக்கு 12 வாரமாவது பள்ளிக்குப் போக வேண்டும் என்றவரை அது நல்ல சட்டம்தான். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு, அமெரிக்க வரலாறு ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பிக்காத பள்ளி பள்ளியே அல்ல என்று சொன்னதும் ஜெர்மானியர்கள் கொதித்தெழுந்தார்கள். நம்மவரிலும் பலர் சேர்ந்துகொண்டோம். ஆளுநர் ஹோர்டு தோற்றார். நான் ஆங்கிலத்துக்குப் பகைவன் அல்லன். நிலப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கையொப்பமிட்டவனுக்கு அதன் அருமை தெரியும். இங்கே சட்டம் போட்டும் நம் மொழி அழியவில்லை; அங்கே சட்டமே இல்லாமல் அது அழிந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நார்வேயில், சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கான திடப்படுத்தலைப் பெறாதவருக்குக் கல்யாணமே கிடையாது என்பதால், குடிசைவாசியின் பிள்ளையும் ஞானோபதேசம் என்னும் மதபாட நூலை வாசித்தே ஆகவேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் என்று தனிக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் பண்ணை பண்ணையாகச் சென்று தங்கிப் பாடம் சொல்வார். வாசிப்பை அவ்வளவு வற்புறுத்தியவர்கள் எழுத்தைப் பெரிதாக எண்ணவில்லை. உன் அம்மா படித்ததும் அந்த முறையில்தான்.

உங்கள் பகுதியில் 36 சதுர மைல் கொண்ட ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம், 36ஆம் சதுர மைல் நிலங்களைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, அவற்றை ஏக்கர் 10 டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறார்கள். நீ பள்ளிக் குழுவில் இருப்பதை இங்கே பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். குழுவில் இருப்பவன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வானம் கறுத்தால் ஆசிரியை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இரவு முழுவதற்கும் போதுமான நிலக்கரி உள்ளேயே இருக்க வேண்டும். 1888 ஜனவரி 12 அன்று நெப்ராஸ்காவிலும் தெற்கு டகோட்டாவிலும் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய எத்தனை பிள்ளைகள் பனிப்புயலில் வழிதவறி மாண்டார்கள் என்று நீயும் படித்திருப்பாய்.

வருகிற வசந்தத்தில் பேரனுக்குப் பதினான்கு முடிகிறது; திடப்படுத்தலுக்கு ஆயத்தமாக வேண்டிய வயது. உங்கள் போதகர் பல சபைகளைச் சுற்றி வருபவர், அவருக்கு நேரமிராது என்பது எனக்குத் தெரியும். கோடையில் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது அதே கட்டடத்தைக் கேட்டு வாங்கிச் சில வாரங்கள் நம் மொழியில் பாடம் நடத்தலாம்; குழுவில் இருக்கும் நீ கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆசிரியர் சம்பளம்தான் தடையென்றால் என் பங்கை அனுப்புகிறேன். உன் பெயருக்கு டெகோரா-போஸ்டன் என்னும் நம் மொழிப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். இரவில் அவனை உரக்க வாசிக்கச் சொல், மருமகளும் கேட்கட்டும்.

அடுத்த கடிதத்தை அவன் பாட்டிக்கென்று நம் மொழியில் எழுதட்டும். பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்பு; அவள் படித்துக்கொள்வாள். நிலக்கரி விஷயத்தைக் குழுவில் இந்த மாதமே பேசிவிடு.

உன் அப்பா